சாவி யாரிடம் இருக்கிறது? – ஜமாஅத் கணினி முதல் வீட்டுக் கைபேசி வரை



2025 நவம்பர் கடைசி வாரத்தில் விருத்தாசலம் வட்டாரத்தில் ஒரு மஹல்லாவின் நிர்வாகிகள் நான்கு பேர், ஒரு பிரவுசிங் சென்டரில் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். வக்ஃப் சொத்துகளை மத்திய அரசின் 'உமீத்' இணையதளத்தில் பதிவேற்ற வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிவாசலின் மின்னஞ்சலைத் திறக்க ஓ.டி.பி. வேண்டும். அது எந்த எண்ணுக்குப் போகிறது என்று பார்த்தால், ஐந்து வருடங்களுக்கு முன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போன ஒரு தம்பியின் பழைய இந்திய எண்! அந்த எண் எப்போதோ செயலிழந்துவிட்டது. பத்திரங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த பென் டிரைவைச் செருகினால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது.

இதில் நாம் யாரையும் குறை சொல்ல வரவில்லை. அந்தத் தம்பி நல்ல எண்ணத்தில்தான் மின்னஞ்சல் உருவாக்கிக் கொடுத்தார். நிர்வாகிகளும் ஊருக்காக உழைப்பவர்கள்தான். ஆனால் 'பள்ளிவாசல் பீரோவின் சாவி யாரிடம்?' என்று கேட்டால் உடனே பதில் சொல்லும் நாம், 'பள்ளிவாசல் மின்னஞ்சலின் சாவி யாரிடம்?' என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது சாவியைப் பற்றியது.

உமீத் நமக்குக் கற்றுக்கொடுத்தது என்ன?

வக்ஃப் திருத்தச் சட்டம் 2025 ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 6 அன்று உமீத் தளம் தொடங்கப்பட்டது. ஏற்கெனவே பதிவான வக்ஃப் சொத்துகளின் விவரங்களை ஆறு மாதத்துக்குள் அதில் ஏற்ற வேண்டும் என்பது விதி. சட்டத்தின் சில பிரிவுகளுக்கு உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 15 அன்று இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் பதிவேற்றும் கடமைக்குத் தடை இல்லை. தளம் சரியாக இயங்கவில்லை, கால அவகாசம் வேண்டும் என்று மனுதாரர்கள் முறையிட்டார்கள். டிசம்பர் 1 அன்று நீதிமன்றம் பொதுவான நீட்டிப்பு தர மறுத்து, தேவைப்படுவோர் வக்ஃப் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது. டிசம்பர் 6 அன்று கெடு முடிந்தபோது, நாடு முழுவதும் சுமார் 5 லட்சத்து 17 ஆயிரம் சொத்துகளுக்கான பதிவு தொடங்கப்பட்டிருந்ததாக மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் அறிவித்தது. அவற்றில் ஒப்புதல் பெற்றவை 2,16,905. மற்றவை வரிசையில் நின்றன, அல்லது பாதி வழியில் நின்றுவிட்டன.

இந்தச் சட்டத்தின் நியாய அநியாயங்களைப் பற்றி நம் தளத்திலும் வெளியிலும் நிறையப் பேசியாகிவிட்டது. நாம் இங்கே பார்க்க விரும்புவது வேறொரு பக்கத்தை.

உமீத் தளத்தில் ஒரு பதிவு மூன்று கைகளைக் கடக்க வேண்டும். முத்தவல்லி விவரங்களை உள்ளிடுகிறார். வக்ஃப் வாரிய அலுவலர் சரிபார்க்கிறார். அதற்கு மேல் உள்ள அதிகாரி ஒப்புதல் தருகிறார். கணினித் துறையில் இது பழைய ஏற்பாடு. வங்கியில் பெரிய தொகை அனுப்பும்போதும் இப்படித்தான் நடக்கிறது. ஒருவரே எல்லாவற்றையும் செய்ய முடியாதபடி அதிகாரத்தைப் பிரித்து வைப்பது நல்லதுதான். ஆனால் யாருக்கு எந்த அதிகாரம், எந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது, கெடு முடிந்த பிறகு பொத்தான் வேலை செய்யுமா செய்யாதா என்பதையெல்லாம் யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். ஒரு படிவத்தில் ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி வைத்தால், அது கிட்டத்தட்ட ஒரு சட்டப் பிரிவு செய்யும் வேலையைச் செய்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தொழுகை நடக்கும் இடத்துக்குப் பழைய பத்திரம் இல்லாவிட்டால், அலுவலகத்தில் ஓர் அதிகாரியிடம் வாயால் விளக்கிச் சொல்லலாம். திரையில் உள்ள படிவத்திடம் விளக்க முடியாது.

அதனால்தான் சொல்கிறோம்: கணினி நிர்வாகம் என்பது வெறும் டெக்னிக்கல் விஷயம் அல்ல, அது அதிகாரம் பற்றிய விஷயம். 'அதெல்லாம் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று ஒதுக்கி வைக்கும் காலம் முடிந்துவிட்டது.

'அட்மின்' என்றால் யார்?

வாட்ஸ்அப் குழுவால் 'அட்மின்' என்ற சொல் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பழகிவிட்டது. குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று முடிவு செய்பவர் அட்மின். கணினியிலும் அதே கதைதான். ஒரு கணினியில் எந்த மென்பொருளை ஏற்றலாம், யார் எந்தக் கோப்பைப் பார்க்கலாம், எதை அழிக்கலாம் என்ற முழு அதிகாரமும் உள்ள கணக்குக்குப் பெயர் நிர்வாகிக் கணக்கு.

நம் வீடுகளில் பெரும்பாலும் கணினி வாங்கிய அன்று கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்த ஒரே கணக்கில்தான் எல்லோரும் வேலை செய்கிறோம். அப்பா வங்கிக் கணக்கு பார்ப்பதும், பிள்ளை விளையாட்டை இறக்குவதும் அதே நிர்வாகிக் கணக்கில். பிள்ளை இறக்கிய விளையாட்டில் வைரஸ் இருந்தால், அந்த வைரஸுக்கும் நிர்வாகியின் முழு அதிகாரம் கிடைத்துவிடுகிறது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. நம் ஊர் செராமிக் சூளைகளில் பொம்மைகளும் அகல் விளக்குகளும் மட்டும் வேகவில்லை. மின்சாரத்துக்கான பீங்கான் இன்சுலேட்டர்களும் ஃபியூஸ் கட்டைகளும் வெந்தன. பழைய வீடுகளில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைப் பீங்கான் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். எங்கேயாவது மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் அதற்குள் இருக்கும் மெல்லிய கம்பி எரிந்து அறுந்துவிடும். கம்பி போகும், வீடு பிழைக்கும். கணினியில் அதிகாரம் குறைந்த சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அன்றாட வேலைகளை அதில் செய்வது அந்த ஃபியூஸ் கட்டை போன்றது. ஏதாவது தவறு நடந்தால் அந்தக் கணக்கோடு நிற்கும். நிர்வாகிக் கணக்கைப் புதிய மென்பொருள் ஏற்றும்போது மட்டும் பயன்படுத்தினால் போதும். இதற்குப் பணச் செலவு இல்லை, பத்து நிமிட வேலை.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு சோதனை

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள் யாருடையது என்ற கேள்வியும் அதிகாரக் கேள்விதான். இதில் தமிழ்நாட்டுக்குச் சொந்த அனுபவம் உண்டு. அதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

2000-களின் பிற்பகுதியில், மாநில அரசின் எல்காட் நிறுவனத்துக்கு மேலாண்மை இயக்குநராக சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தபோது, அந்த நிறுவனத்தின் கணினிகள் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றப்பட்டன. லினக்ஸ் என்பது யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும், உள்ளே திறந்து பார்க்கவும், மாற்றிக்கொள்ளவும் கூடிய இயங்குதளம். சென்னையில் உள்ள சி-டாக் மையம் இந்திய மொழிகளுக்கு ஏற்றபடி 'பாஸ்' என்ற லினக்ஸ் வடிவத்தை உருவாக்கியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. திறந்தவுடன் 'எது வேண்டும்?' என்று கேட்கும் திரை பலருக்கு நினைவிருக்கும். 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு நிறுத்தப்பட்டபோது, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு வழிகாட்டியது.

அந்த முயற்சி எதிர்பார்த்த அளவுக்கு வேரூன்றவில்லை. கணினி கொடுத்தார்கள், ஆனால் லினக்ஸ் கற்றுக்கொடுக்க ஆளில்லை. பிள்ளைகள் கடைக்குப் போய் லினக்ஸை அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸை முழுசாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து மாநிலமான கேரளாவில் கதை வேறு மாதிரி போனது. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் கீழ் பாடநூல், ஆசிரியர் பயிற்சி, பள்ளிக் கணினி மூன்றையும் சேர்த்தே கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். இன்று வரை அது நடக்கிறது. பொருளைக் கொடுப்பது பாதி வேலை, அதை நிர்வகிக்க ஆள் தயார் செய்வது மீதிப் பாதி. நம் மதரஸாக்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கணினி அன்பளிப்பு செய்யும் செல்வந்தர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இது பழங்கதை அல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புப் பெற்ற வீட்டுக் கணினிகளுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான். ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க யாரும் வரமாட்டார்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன.

உங்கள் வீட்டில் பழைய மடிக்கணினி இருந்து, விண்டோஸ் 11 ஏற்க முடியாது என்றால், அதைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் லினக்ஸ் ஏற்றிப் பாருங்கள். இணையம் பார்க்க, தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய, ஜமாஅத் வரவு செலவுக் கணக்கு எழுத, பிள்ளைகள் படிக்க அது தாராளமாகப் போதும். அலுவலகத்துக்குக் கட்டாயம் தேவைப்படும் சில மென்பொருள்கள் அதில் ஓடாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். உங்கள் வேலைக்கு எது தேவை என்று பார்த்து முடிவு செய்யுங்கள். திருட்டு விண்டோஸ் மட்டும் வேண்டாம். அது ஹலால் ஹராம் பற்றிய கேள்வி மட்டுமல்ல. யாரோ உடைத்துக் கொடுத்த பூட்டை நம் வீட்டு வாசலில் மாட்டுவதற்குச் சமம்.

தொழுகை நேரம் சொன்ன செயலி

கைபேசியின் சாவியையும் நாமே பிறர் கையில் கொடுத்துவிடுகிறோம். 2020 நவம்பரில் ஒரு செய்தி உலக முஸ்லிம்களை அதிர வைத்தது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் 'முஸ்லிம் ப்ரோ' செயலியிலிருந்து பயனாளர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போகிறது என்றும், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள் என்றும் 'வைஸ்' ஊடகம் வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததும், எக்ஸ்-மோட் நிறுவனத்துடனான தொடர்பைத் துண்டிப்பதாக முஸ்லிம் ப்ரோ அறிவித்தது.

கிப்லா திசை காட்ட இருப்பிடம் தெரிய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதைச் செயலி திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் தெரிந்துகொண்டால் போதும். கைபேசியின் அமைப்புகளில் 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்ற தேர்வு இருக்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் அதைத் தேர்ந்தெடுங்கள். பள்ளிவாசல் நோட்டீஸ் போர்டில் தொழுகை நேரம் எழுதியிருந்தால், அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை என்பதையும் மறக்க வேண்டாம்!

இன்னொன்று வேதனையானது. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரி 1 அன்றும், நம் நாட்டு முஸ்லிம் பெண்களின் படங்களை அனுமதியின்றி எடுத்து 'ஏலம்' விடுவது போல் காட்டிய இரண்டு செயலிகள் கிட்ஹப் தளத்தில் வைக்கப்பட்டன. குறிவைக்கப்பட்டவர்களில் பத்திரிகையாளர்களும் சமூகச் செயற்பாட்டாளர்களும் இருந்தார்கள். 2022-இல் கைதானவர்களில் சிலர் கல்லூரி மாணவர்கள். இப்படிப்பட்ட செய்தி வந்தவுடன் 'பெண்கள் ஏன் இணையத்தில் இருக்க வேண்டும்?' என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. திருடு போன வீட்டுக்காரரிடம் 'ஏன் வீடு கட்டினாய்?' என்று கேட்பது நியாயமா? குரல் கொடுத்த பெண்களை வாயடைக்கச் செய்வதுதான் அவர்களின் நோக்கம். அதை நாமே நிறைவேற்றிக் கொடுக்கக் கூடாது. இப்படி நடந்தால் இணைப்பு முகவரியையும் திரைப் பிடிப்பையும் சேமித்து, தளத்திலும் சைபர் கிரைம் காவல் பிரிவிலும் புகார் செய்ய வேண்டும். வீட்டில் ஆண்கள் துணை நிற்க வேண்டும்.

இணையமே நின்றுபோனால்?

2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய முடக்கத்துக்குப் பிறகு 4ஜி முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான். காலவரையற்ற முடக்கம் கூடாது, முடக்க உத்தரவுகள் வெளியிடப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று தீர்ப்பளித்தது. அந்த உத்தரவைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் உரிமை.

அரசு முடக்காமலும் நிற்கலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றன. பராமரிப்பு வேலையில் நடந்த ஒரு தவறுதான் காரணம். சரிசெய்யப் போன பொறியாளர்களின் உள் கருவிகளும் அதே வலைப்பின்னலை நம்பியிருந்ததால் தாமதம் கூடியது. அறையின் சாவியை அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. நாமும் அதைத்தான் செய்கிறோம். கைபேசி தொலைந்தால் மீட்க உதவும் குறியீடுகளை அதே கைபேசியில் சேமித்து வைக்கிறோம். மகனின் எண், மருமகளின் எண் எதுவும் மனப்பாடம் இல்லை. முக்கியமான பத்து எண்களை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வைப்பது இன்றும் நல்ல யோசனைதான்.

நாம் செய்ய வேண்டியவை

எல்லாம் ஒரே நாளில் முடியாது. ஆனால் ஒவ்வொரு மஹல்லாவிலும் கீழ்க்காணும் ஆறு வேலைகளை ஒரு மாதத்துக்குள் முடித்துவிட முடியும்.

1. ஜமாஅத்துக்கு என்று தனி மின்னஞ்சலும், தனி சிம் கார்டும் இருக்கட்டும். தனி மனிதரின் எண்ணில் எதையும் பதிவு செய்யாதீர்கள். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் சிம் செயலிழக்கலாம், பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். எனவே குறைந்தபட்ச ரீசார்ஜ் ஜமாஅத் செலவுக் கணக்கில் சேரட்டும்.

2. நிர்வாகிகள் இருவருக்கு அணுகல் இருக்கட்டும். ஒருவர் மட்டும் என்றால் அவர் வெளிநாடு போனாலோ, மவுத்தானாலோ எல்லாம் நின்றுவிடும். பத்துப் பேர் என்றால் யார் மாற்றினார்கள் என்றே தெரியாது.

3. கடவுச்சொற்களையும் மீட்புக் குறியீடுகளையும் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, பீரோவில் வையுங்கள். புதிய நிர்வாகம் பொறுப்பேற்கும்போது கணக்கு நோட்டோடு இந்த உறையையும் ஒப்படைத்து, அன்றே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். இரண்டு கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயம் இயக்குங்கள்.

4. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பழைய கடிதங்கள், மஹல்லா நிக்காஹ் பதிவேடு ஆகியவற்றை ஸ்கேன் செய்து மூன்று பிரதிகள் வையுங்கள். கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, பள்ளிவாசலுக்கு வெளியே வேறோர் இடத்தில் ஒன்று. பென் டிரைவை நம்பாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். திறக்காத பிரதி, பிரதியே அல்ல.

5. பிரவுசிங் சென்டரில் கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, இறக்கிய கோப்புகளை அழித்துவிட்டு வாருங்கள்.

6. பண மோசடி நடந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரங்களில் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

இதையெல்லாம் யார் செய்வது? நம் ஊரில் டிப்ளமோ முடித்து வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சர்வர், நெட்வொர்க் நிர்வாகம் படிக்க விரும்பும் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மஹல்லாவின் கணினியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு வருட அனுபவம், சான்றிதழுக்கு மேல் அவர்களுக்குப் பயன்படும். ஆனால் 'தம்பி, கொஞ்சம் பார்த்துக் கொடு' என்று சும்மா வேலை வாங்காதீர்கள். மோதினார் சம்பளம் போல, சிறிய தொகையாவது ஒதுக்குங்கள். சும்மா செய்யும் வேலைக்குப் பொறுப்புக் கேட்க முடியாது.

வக்ஃப் சொத்து நமக்கு முன்னிருந்தவர்கள் விட்டுச் சென்ற அமானிதம். மக்கள் நம்பிக்கொடுத்த குடும்ப விவரங்களும், நிக்காஹ் பதிவுகளும், ஜகாத் பெறுவோரின் பெயர்ப் பட்டியலும் அமானிதம்தான். அந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது ஏழைகளின் மானத்தைச் சுற்றவிடுவதாகும்.

தொடக்கத்தில் சொன்ன மஹல்லாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வளைகுடாவில் இருந்த தம்பியை இரவோடு இரவாகத் தொடர்புகொண்டார்கள். அவர் தன் மடிக்கணினியில் அந்த மின்னஞ்சல் இன்னும் திறந்திருப்பதைக் கண்டு, மீட்பு எண்ணை மாற்றிக் கொடுத்தார். நான்கு சொத்துகளில் மூன்றைக் கெடுவுக்குள் ஏற்றினார்கள். கப்ருஸ்தானை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தின் ஆவணம் கெட்டுப்போன பென் டிரைவில் மட்டுமே இருந்தது. அதன் மூலப் பத்திர நகலை எடுக்கவும் தீர்ப்பாயத்தில் மனு செய்யவும் இப்போது அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

உங்கள் மஹல்லாவில் வரும் ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகிகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'நம் மின்னஞ்சலின் ஓ.டி.பி. எந்த எண்ணுக்கு வருகிறது?' பதில் உடனே வந்தால் அல்ஹம்துலில்லாஹ். வராவிட்டால் அன்றே உட்கார்ந்து, மேலே உள்ள முதல் வேலையைத் தொடங்குங்கள், இன்ஷா அல்லாஹ்.